மனையும் மறையும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் போகும் சாலையின் இருபுறமும் இன்று காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் செய்யும் ஆலைகள் நிற்கின்றன. 1990-களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்த நாளிலிருந்து இந்த வட்டாரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலீட்டையும் ஏற்றுமதியையும் எழுதுகிறார்கள். ஆனால் இங்கே நிலம் யாருடையது, அதில் உழைப்பவனுக்கு அதில் என்ன உரிமை என்ற வழக்கு ஆலைகளைவிட நூறாண்டு மூத்தது. இந்த ஊர்களெல்லாம் பழைய செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தவை. அந்த ஜில்லாவின் சேரிகளில்தான் 19-ஆம் நூற்றாண்டின் கடைசி இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் கிறிஸ்தவ மிஷன் தன் போக்கையே மாற்றிக்கொண்டது. அந்த மாற்றத்தை மதமாற்றத்தின் கணக்காக மட்டும் படிப்பவர்கள் அதன் பாதியைத்தான் படிக்கிறார்கள். சேரி மக்கள் மிஷனரியிடம் கொண்டுவந்தது முதலில் மனையைப் பற்றிய முறையீடு. அந்த முறையீட்டைக் காகிதத்தில் ஏற்றி அரசு மறுக்க முடியாத சாட்சியமாக்கியதுதான் இங்கே மிஷன் செய்த பெரிய வேலை. அந்த வேலையை மிஷனுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் சேரிக்காரர்களே.

இதை விளங்கிக்கொள்ள மிராசு முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். செங்கல்பட்டில் ஒரு கிராமம் என்பது சில மிராசுதார் குடும்பங்களின் கூட்டுப் பங்கு. நஞ்சையும் புஞ்சையும் மட்டுமல்ல, தரிசின் மீதும் அவர்களுக்கு முன்னுரிமை இருந்தது. வெளியாள் ஒருவர் தரிசு நிலம் கேட்டுத் தர்க்காஸ்து போட்டால், அந்த நிலம் மிராசுதாருக்கு வேண்டுமா என்றுதான் முதலில் கேட்கப்படும். பல தலைமுறையாகச் சும்மா கிடந்த நிலம், ஒரு பறையர் அதைக் கேட்டதுமே மிராசுதாருக்குத் தேவைப்பட்டுவிடும். இதைவிடக் கொடியது மனை. சேரியின் வீடுகள் நின்ற மண்ணும் மிராசுதாரின் சொத்தாகவே பல இடங்களில் கருதப்பட்டது. படியாள் கூலி கூடக் கேட்டாலோ, வேறு ஊரில் வேலைக்குப் போக நினைத்தாலோ, அவன் குடிசை நிற்கும் இடத்தை விட்டுப் போகச் சொன்னால் போதும். 1843-ஆம் ஆண்டுச் சட்டம் அடிமை உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்றது. 1862 முதல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டம் அடிமை வைப்பதைக் குற்றமாக்கியது. ஆனால் சங்கிலியைத் தடைசெய்த சட்டம் மனையைத் தொடவில்லை. தங்குகிற இடம் முதலாளியின் கையில் இருக்கும்வரை, போகலாம் என்ற உரிமைக்கு என்ன பொருள்?

மிஷன் இதற்காக வந்ததல்ல என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 1837-இல் சென்னையில் பள்ளி தொடங்கிய ஜான் ஆண்டர்சனும் அவரோடு இருந்த ஸ்காட்லாந்துக்காரர்களும் நம்பியது வேறொரு வழியை. ஆங்கிலக் கல்வி மேல்சாதி இளைஞர்களைத் தொடும், அவர்கள் வழியாகச் சமூகம் மாறும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. காஞ்சிபுரத்தின் ஆண்டர்சன் பள்ளியும் செங்கல்பட்டின் செயின்ட் கொலம்பா பள்ளியும் அந்த மரபில் வந்தவை. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் வேரும் அதுவே. பள்ளிகள் நன்றாக நடந்தன, படித்தவர்கள் உத்தியோகத்துக்குப் போனார்கள், சபை மட்டும் பெருகவில்லை. 1876–78 பஞ்சத்துக்குப் பிறகு கதவைத் தட்டியவர்கள் வேறு ஆட்கள். சேரிகளிலிருந்து கூட்டமாக வந்து, எங்களுக்கு உபதேசியாரை அனுப்புங்கள், பள்ளிக்கூடம் வையுங்கள், எங்கள் மேல் போட்ட வழக்கைக் கொஞ்சம் பாருங்கள் என்று கேட்டார்கள். செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து சுயாதீன சபையின் ஆதாம் ஆண்ட்ரூவும், திருவள்ளூர்ப் பக்கம் வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கவுடியும் இந்த அழைப்பை எதிர்கொண்டவர்கள். பல மிஷனரிகளுக்கு முதலில் தயக்கம்தான். ஆத்தும தாகத்தால் வருகிறார்களா, அரிசிக்காக வருகிறார்களா என்ற சந்தேகம் அவர்களை அலைக்கழித்தது.

அதே சந்தேகத்தை இன்றும் பலர் எழுப்புகிறார்கள்: சோற்றுக்காகவும் சலுகைக்காகவும் மதம் மாறினார்கள், அதில் விசுவாசம் எங்கே என்று. ஆவணங்கள் காட்டும் நிலைமையோடு இந்த வாதம் பொருந்தவில்லை. ஒரு சேரி வேதத்தில் சேர்ந்தது என்ற செய்தி பரவியதும் முதலில் வந்தது சலுகையல்ல, தண்டனை. வேலை நிறுத்தப்பட்டது, பொய் வழக்கு வந்தது, மனையைக் காலி செய்யும் மிரட்டல் வந்தது. சோறு மட்டுமே குறியாக இருந்தால் மிராசுதாருக்கு அடங்கி இருப்பதே லாபம். அவர்கள் தேடியது தங்களுக்காக மனு எழுதவும், தாசில்தார் முன் வந்து நிற்கவும், கலெக்டரிடம் பேசவும் துணிந்த ஒருவரை. மேலும், வயிற்றையும் விசுவாசத்தையும் இரண்டாக வெட்டி, ஏழையிடம் மட்டும் எது உண்மை என்று கேட்பது என்ன நியாயம்? உத்தியோகத்துக்காக ஆண்டர்சன் பள்ளியில் பைபிள் படித்த மேல்சாதிப் பையனின் உள்நோக்கத்தை யாரும் இவ்வளவு கடுமையாகச் சோதித்ததில்லை. தன் வீட்டு மண் தனக்கென்று இருக்க வேண்டும் என்ற ஆசையும் கடவுள் தன்னைக் கைவிடமாட்டார் என்ற நம்பிக்கையும் ஒரே மனிதனுக்குள் ஒன்றாக இருக்கக்கூடியவை.

சேரிகளோடு புழங்கிய மிஷனரிகள் மெல்ல ஒன்றைக் கண்டுகொண்டார்கள்: இங்கே தடையாக நிற்பது அறியாமையோ குடியோ அல்ல, நில ஏற்பாடு. ஆண்ட்ரூவும் கவுடியும் அதை எழுதினார்கள். கவுடி எழுதியவை படித்த வட்டாரத்தில் சலசலப்பை உண்டாக்கின. சென்னை மிஷனரி மாநாடு அரசிடம் முறையிட்டது. அதே காலத்தில், 1891-இல், செங்கல்பட்டு கலெக்டர் ஜே. எச். ஏ. டிரெமென்ஹீர் தம் ஜில்லாவின் பறையர்களைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். ஜில்லா மக்கள்தொகையில் ஏறக்குறைய கால்வாசியாக இருந்தவர்கள் எப்படி நிலமில்லாமல் வைக்கப்பட்டார்கள், சிறு கடனுக்குத் தங்களையே எப்படி எழுதிக்கொடுத்தார்கள், தர்க்காஸ்து விதி எப்படி அவர்களுக்கு எதிராகவே வேலை செய்தது என்பதை ஒரு வருவாய் அதிகாரியின் நடையில், விதிகளையும் பத்திரங்களையும் காட்டி அவர் அடுக்கினார். இதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று பிறந்ததுதான், தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கென்று நிலம் ஒதுக்க வழிசெய்த அரசாணை. நிலம் பெற்றவர் முதல் பத்தாண்டு விற்கக்கூடாது, அதன்பிறகும் அதே வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம் என்பது அதில் வந்த நிபந்தனை. பிற்காலத்தில் பஞ்சமி நிலம் என்றும் டி.சி. நிலம் என்றும் பெயர் பெற்றது இதுவே.

இதைப் படித்தவுடன் எழும் கேள்வி நியாயமானது: மிஷனரியும் கலெக்டரும் ஒரே நாட்டார், ஒரே ஆட்சியின் இரு கைகள்; இதைப் பெரிய தொண்டாகக் கொண்டாடலாமா? கொண்டாட வேண்டியதில்லை. ஆனால் அந்த இரு கைகளும் ஒத்துழைத்தன என்பது ஆவணத்தோடு ஒத்துவராது. வருவாய் வாரியம் டிரெமென்ஹீரின் யோசனைகளை ஐயத்தோடும் எரிச்சலோடும் பார்த்தது. ஆட்சிக்கு வேண்டியது ஒழுங்காக வரும் தீர்வை. தீர்வை கட்டுகிறவர் மிராசுதார். அவரைப் பகைக்க அரசுக்கு என்ன அவசியம்? ஆணையில் கிடைத்தது கேட்டதில் ஒரு துண்டு மட்டுமே. மிராசு உரிமையின் அடிமடியில் அரசு கைவைக்கவில்லை. இங்கே இன்னும் கூர்மையான விமர்சனத்தை வரலாற்றாய்வாளர் ரூபா விஸ்வநாத் முன்வைத்திருக்கிறார். உழைப்பைக் கட்டிப்போட்ட ஒரு பொருளாதார ஏற்பாட்டை, மதமும் மனப்பான்மையும் சார்ந்த சமூகச் சிக்கலாக மாற்றிப் பேசியதில் மிஷனரிகளுக்கும் பங்குண்டு என்பது அவர் வாதத்தின் சாரம். இதை நான் ஏற்கிறேன். கேட்டது மனை, பதிலாகப் பலமுறை வந்தது சுத்தம், சிக்கனம், மதுவிலக்கு பற்றிய பிரசங்கம். அப்படியிருந்தும் மனையைப் பற்றிய சாட்சியம் அரசு ஏட்டில் ஏறியது. ஏறிய சாட்சியத்தை அடுத்த தலைமுறை எடுத்துப் பயன்படுத்தியது.

வெள்ளைக்காரர் வராவிட்டால் சேரிக்கு நாவே இல்லை என்று இதிலிருந்து யாரும் முடிவுகட்டக் கூடாது. அயோத்திதாசர் நீலகிரியில் மாநாடு கூட்டிக் கோரிக்கைகளை வகுத்தது இதே 1891-இல். செங்கல்பட்டு ஜில்லாவின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். அயோத்திதாசர் பௌத்தத்தைத் தேர்ந்தார். கிறிஸ்தவ சபைக்குள் சாதி குடியேறியதை விடாமல் சாடினார். அவருடைய குற்றச்சாட்டுக்கு அன்றைய சபைகளிடம் நல்ல பதில் இல்லை. சபை தானே நிலம் வாங்கிக் குடியேற்றம் அமைத்தபோதும் சிக்கல் தீரவில்லை. சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஆண்ட்ரூ உருவாக்கிய மெல்ரோசாபுரம் அதற்குச் சான்று. மிராசுதாரின் மனையிலிருந்து மிஷனின் மனைக்கு வந்தவருக்குப் பாதுகாப்பு கிடைத்தது. ஆனால் மனையின் சொந்தக்காரர் இப்போதும் வேறொருவர்தான், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். மிஷன் சாட்சியாக நின்றபோது செய்தது நிலைத்தது. நிலக்கிழாராக நின்றபோது செய்தது அந்தந்த ஊரோடு நின்றுவிட்டது என்பதே என் கணிப்பு.

1919-இல் ஜி. எஃப். பாடிசன் தாழ்த்தப்பட்ட வகுப்பாரின் நிலையை ஆராயும் சிறப்பு அதிகாரியாக அமர்த்தப்பட்டு, பின்னர் தொழிலாளர் ஆணையரானார். அந்தத் துறையின் முக்கிய வேலைகளில் ஒன்று சேரி மக்களுக்கு மனை வாங்கித் தருவது. தொழிலாளர் துறை ஏன் மனை வாங்க வேண்டும் என்று இன்று கேட்பவருக்கு 1891-இன் அறிக்கையிலேயே பதில் இருக்கிறது. பஞ்சமி நிலமோ நிபந்தனையை மீறிக் கைமாறிக்கொண்டே போனது. சென்னை மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் வழங்கப்பட்டதாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. அதில் பெரும்பகுதி இன்று பிறர் கையில். அதை மீட்கக் காரணை என்ற ஊரில் தொடங்கிய போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறை சுட்டது, இருவர் உயிரிழந்தனர். அந்தப் போராட்டத்தோடு நின்றவர்களில் செங்கல்பட்டில் பணியாற்றிய இயேசு சபைக் குருக்களும் உண்டு. ஆண்ட்ரூ காலத்து மரபு முற்றிலும் அறுந்துவிடவில்லை.

ஆலைகள் வந்தபின் வழக்கு முடிந்துவிட்டதா? தொழில் வந்தது, சாதி பார்க்காத கூலி வந்தது, இனி நிலம் எதற்கு என்பவர்கள் இருக்கிறார்கள். மாதச் சம்பளம் பெரிய விடுதலை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் சிப்காட் தொழிற்பேட்டைகளுக்காக நிலம் எடுத்தபோது இழப்பீடு நிலத்தில் உரிமை உள்ளவருக்கே சேர்ந்தது. அதே நிலத்தில் தலைமுறைகளாக நடவு நட்டவருக்குப் பட்டா இல்லையென்றால் ஏட்டில் அவர் இல்லை. 1892-இல் விடப்பட்ட பாக்கி நூறாண்டு கழித்து இழப்பீட்டுப் பட்டியலில் தெரிந்தது. வேலைக்காக வெளியூரிலிருந்து வந்து விடுதிகளில் தங்கும் பெண்களுக்கோ மனைக் கேள்வி வேறு உருவில் திரும்பியிருக்கிறது. 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாடு கெட்டுப் பலர் நோயுற்றபோது, ஃபாக்ஸ்கான் ஆலையின் தொழிலாளிப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. வசதி கூடியிருக்கிறது, நல்லது. ஆனால் வேலை போனால் படுக்கையும் போகும் என்ற இடத்தில் தொழிலாளி எவ்வளவு துணிவாகப் பேச முடியும்?

இந்த வட்டாரத்தில் இன்று சபைகளுக்குக் குறைவில்லை. ஞாயிறு ஆராதனைக்கு வருபவர்களில் சேரியின் பழைய குடிகளும் உண்டு, வடமாநிலங்களிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளர்களும் உண்டு. அவர்களுக்கு ஜெபமும் உணவுப் பொட்டலமும் கிடைக்கின்றன. கிராமத்தின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டைப் புரட்டி எந்தச் சர்வே எண் டி.சி. நிலமாக இருந்தது, இப்போது அது யார் பெயரில் இருக்கிறது என்று தேடும் சபை மிக அரிது. அந்த வேலைக்கு ஆங்கிலேயக் கலெக்டரின் தயவு வேண்டியதில்லை; தகவல் உரிமைச் சட்டம் 2005 முதல் இருக்கிறது. இப்படித் தேட வேண்டிய கடன் சபைக்குக் கூடுதலாகவே உண்டு, ஏனென்றால் இங்கே தடைபடுவது அதன் சொந்த மக்களே. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை முதலில் இந்துக்களுக்கு மட்டும் வைத்தது, 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தது, கிறிஸ்தவர்களை இன்றுவரை சேர்க்கவில்லை. செங்கல்பட்டுச் சேரிகளில் அன்று வேதக்காரரானவர்களின் பேரப்பிள்ளைகள், தங்கள் முன்னோர் சொன்ன சாட்சியத்தில் பிறந்த பஞ்சமி நிலத்தைக் கேட்டு வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போகும்போது, முதலில் பதில் சொல்ல வேண்டியிருப்பது அவர்களுடைய சாதிச் சான்றிதழைப் பற்றிய கேள்விக்குத்தான்.