திண்டிவனத்து இரவும் வேலூர் மருத்துவமனையும்

செஞ்சிக் கோட்டையை எதிரிப் படைகளைவிடக் காய்ச்சல்தான் அதிகம் வாட்டியது. 1750 முதல் 1761 வரை கோட்டை பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. நூறு ஐரோப்பியருக்கு மேல் அங்கே ஒருபோதும் நிறுத்திவைக்காதவர்கள், பத்தாண்டுகளில் 1,200 பேரைப் பறிகொடுத்தார்கள் என்று வரலாற்றாசிரியர் ராபர்ட் ஆர்ம் எழுதுகிறார். நெற்களஞ்சியம், யானைக்குளம், மூன்று மலைகளை வளைத்த மதில் எல்லாம் இருந்தும் நோய்க்கு அங்கே அரண் இல்லை. சிப்பாய்களின் சாவையாவது எவரோ கணக்கெடுத்தார்கள். சுற்றுவட்டாரத்தில் பிரசவத்தில் மாண்ட பெண்களை எண்ணிவைக்க ஆளில்லை. தமிழகத்தின் மிகப் பெரிய தனியார் மருத்துவமனைகளில் ஒன்றான வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) வரலாறு, எண்ணப்படாத அந்தச் சாவுகளிலிருந்துதான் தொடங்குகிறது.

செஞ்சியிலிருந்து கிழக்கே சாலை போய்ச் சேரும் திண்டிவனத்தில், அமெரிக்கக் கிறித்தவ அமைப்பான ஆற்காடு மிஷனின் மருத்துவர் ஜான் ஸ்கடர் பணியாற்றினார். 1890களின் தொடக்கத்தில் ஓரிரவு, மூன்று கணவன்மார் ஒருவர்பின் ஒருவராக அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மூன்றாமவரும் இந்து. மூவருடைய மனைவியரும் பிரசவ வேதனையில் கிடந்தனர். ஆண் மருத்துவர் வேண்டாம், மகள் ஐடா வரட்டும் என்றார்கள். மருத்துவம் படிக்காத ஐடா என்ன செய்வார்? விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். இது ஐடாவே பின்னாளில் சொன்னது. நன்கொடை திரட்ட வசதியாக வார்க்கப்பட்ட கதை என்று ஐயுறுவோர் உண்டு. ஒரே இரவில் மூன்று என்பதை விட்டுவிடலாம். அதன் பின்னிருந்த தடை மெய். திருவல்லிக்கேணியில் இன்றும் மக்கள் வாயில் வழங்கும் கோஷா ஆஸ்பத்திரி, ஆண் மருத்துவரிடம் போகாத பெண்களுக்காகவே 1885இல் சென்னையில் தொடங்கப்பட்டது. முன்பே வழி பிறந்துவிட்டதே என்று கேட்கலாம். சென்னையில் பிறந்தது உண்மை. இரவில் வலி கண்டு மாட்டுவண்டியில் ஏற்றப்படும் செஞ்சிப் பெண்ணுக்குச் சென்னை எட்டாத ஊர்.

ஐடா 1899இல் அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்று, 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையுடன் வைத்தியம் தொடங்கினார். ஷெல் என்ற நியூயார்க் வங்கியாளர் தந்த 10,000 டாலரில் 1902இல் 40 படுக்கை மருத்துவமனை எழுந்தது. பெரும்பாலோர் இந்தக் கட்டடத்தைத்தான் கொண்டாடுகிறார்கள். என் கணிப்பில் அதைவிடப் பெரிய காரியங்கள் இரண்டு. முதலாவது, சாலையோர வைத்தியம். குடியாத்தம் சாலையில் கார் நிற்கும் மரத்தடியே மருத்துவமனை. புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் மருந்து கொடுப்பதும் அங்கேயே நடந்தன. இரண்டாவது, 1918இல் தொடங்கி, பின்னாளில் சி.எம்.சி.யாக வளர்ந்த பெண்கள் மருத்துவப் பள்ளி. 1922இல் அதன் முதல் அணியாக 14 பெண்கள் படித்து முடித்தார்கள். ஓர் ஐடா எத்தனை வீடுகளுக்குப் போக முடியும்? தானாகத் திறக்காத கதவுகளைத் திறக்க, இந்த மண்ணின் பெண்களே மருத்துவர்களானதுதான் அந்த இரவுக்குச் சரியான பதில்.

மதம் பரப்பவே மருத்துவம் செய்தார்கள் என்ற குற்றச்சாட்டைத் தட்டிக்கழிக்க முடியாது. மிஷன் தன் நோக்கத்தை ஒளிக்கவும் இல்லை. ஆனால் அந்த மாணவிகள் எழுதியது அரசுத் தேர்வு, ஆண்கள் எழுதிய அதே தேர்வு; அங்கே பக்திக்கு மதிப்பெண் கிடையாது. மிஷன் எழுத்துகள் ஊர் மருத்துவச்சிகளை இழித்துப் பேசியது எனக்கு உடன்பாடில்லை. சுகப்பிரசவங்களையெல்லாம் பார்த்தவர்கள் அவர்கள்தான். பிள்ளை குறுக்கே கிடந்தால் செய்ய அவர்கள் கையில் கருவி இல்லை, அவ்வளவே.

இன்று சி.எம்.சி. வாசலில் வங்காளமும் அசாமியமும் கேட்கின்றன. செஞ்சிக்காரர்களோ முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் பேருந்து ஏறுகிறார்கள். அப்படியானால் வேலூரால் இந்த வட்டாரத்துக்கு என்ன பயன்? படுக்கைக் கணக்கில் இதற்கு விடை கிடைக்காது. பெண் மருத்துவர் இருப்பதைச் செஞ்சியில் இன்று எவரும் வியப்பாகப் பார்ப்பதில்லை. அந்த நிலை வருவதற்கு அரசுக் கல்லூரிகளோடு சேர்ந்து வேலூர்ப் பள்ளியும் உழைத்திருக்கிறது.