பாராஜெரலினூரா

பாராஜெரலினூரா என்பது அழிந்துபோன சாட்டைத்தேள் பேரினங்களுள் ஒன்று. 2008-ஆம் ஆண்டில் எரிக் டெட்லி, ஜேசன் டன்லப் ஆகியோர் இதை நிறுவினர். முன்பே பெயரிடப்பட்டிருந்த புதைபடிவங்களை மீண்டும் ஆராய்ந்ததன் விளைவாக இப்பேரினம் உருவானது.

சாட்டைத்தேள் உண்மையான தேள் அன்று. சிலந்தியும் தேளும் அடங்கிய வகுப்பில் அது ஒரு தனி வரிசை. அதன் வால் சாட்டைபோல் மெல்லியது; நச்சுக்கொடுக்கு கிடையாது. எதிரி நெருங்கினால் காடி நெடியுள்ள அமிலத்தைப் பீய்ச்சும். வாயருகே உள்ள இரு பற்றுறுப்புகளால் இரையைப் பிடிக்கும். இன்றுள்ள இனங்களில் இவை இடுக்கிபோல் மடங்கிப் பற்றுகின்றன.

1884-இல் அமெரிக்க அறிஞர் சாமுவேல் ஸ்கடர், இல்லினாய் மாநிலத்தின் மேசன் கிரீக் படிவங்களைக் கொண்டு ஜெரலினூரா கார்பனேரியா என்னும் இனத்தை விவரித்தார். அதன் வயது சுமார் 31 கோடி ஆண்டுகள். ஜெர்மனியின் ஹாகன்-ஃபோர்ஹாலேயில் கிடைத்த, அதைவிடப் பழைய படிவம் ஒன்று 1983-இல் புரோதெலிபோனஸ் பேரினத்தில் சேர்க்கப்பட்டது.

நிலக்கரிக் காலம் முதல் சாட்டைத்தேளின் உடலமைப்பு பெரிதும் மாறவில்லை என்றே தோன்றும். ஆனால், ஏறத்தாழ முழுமையான ஒரு மேசன் கிரீக் படிவத்தை டெட்லியும் டன்லப்பும் ஆராய்ந்தபோது, ஜெரலினூராவில் இடுக்கி அமைப்பு இருந்தது தெளிவாயிற்று. ஜெர்மானியப் படிவத்திலோ பற்றுறுப்பு அதற்கும் முந்தைய எளிய வடிவிலேயே இருந்தது. எனவே அதுவும், அதையொத்த மற்றோர் இனமும் புதிய பேரினத்துக்கு மாற்றப்பட்டன. சாட்டைத்தேள்கள் தோன்றியபோதே இடுக்கியுடன் தோன்றவில்லை, அது பின்னர் உருவானது என்பதற்கு இப்பேரினம் சான்றாகிறது.

தென்னிந்தியாவில் இன்றும் சாட்டைத்தேள்கள் வாழ்கின்றன. எனினும் கொல்லிமலை போன்ற தமிழக மலைகளில் இத்தகைய புதைபடிவங்களை எதிர்பார்க்க இயலாது. அம்மலையின் சார்னோக்கைட் பாறைகள் சுமார் 250 கோடி ஆண்டுகள் பழையவை. நில உயிர்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியவை. ஆகவே இந்தியச் சாட்டைத்தேள்களின் வரலாறு வாழும் இனங்களைக் கொண்டே ஆராயப்பட்டது. பின்னாளில் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளரான எஃப். எச். கிரேவ்லி, 1916-இல் இந்திய-ஆஸ்திரேலியப் பகுதிச் சாட்டைத்தேள்களின் பரிணாமம், பரவல் ஆகியவை பற்றி எழுதிய ஆய்வு அவ்வகையில் குறிப்பிடத்தக்கது.