குழலைக் குறைத்தால் ஏழாண்டுச் சிறை

எங்கள் வெண்ணந்தூர் ஒன்றியத்தில் போதமலை இருக்கிறது. சற்றுத் தொலைவில் கொல்லிமலை. மலையை ஒட்டிப் பயிர் செய்வோருக்குக் காட்டுப்பன்றி தீராத தொல்லை. நாட்டுத் துப்பாக்கியும் இப்பகுதிக்குப் புதிதன்று. உரிமமில்லாத துப்பாக்கிகளை ஒப்படைக்கக் காவல் துறை விடுக்கும் அறிவிப்புகளைச் செய்தித்தாள்களில் அவ்வப்போது படிக்கிறோம். ஆனால், முறையாக உரிமம் பெற்ற ஒருவர் தமது துப்பாக்கியின் குழலை வெட்டிக் குறைக்கலாமா, அதன் முனையில் ஏதேனும் பொருத்தலாமா என்ற கேள்விக்கு நான் அறிந்த பலரிடம் விடையில்லை.

அந்த விடை 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் இருக்கிறது. அதன் 6-ஆவது பிரிவின்படி, தனி உரிமம் இல்லாமல் எவரும் துப்பாக்கியின் குழலைக் குறைக்கக் கூடாது. போலித் துப்பாக்கியைச் சுடும் துப்பாக்கியாக மாற்றக் கூடாது. விதிகளில் கூறப்பட்டுள்ள ஒரு வகைத் துப்பாக்கியை இன்னொரு வகையாக மாற்றுவதையும் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் இந்தத் தடையில் சேர்த்தது. துப்பாக்கி வைத்திருப்பதற்கான உரிமம் வேறு, அதை மாற்றியமைப்பதற்கான உரிமம் வேறு என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. முன்னது கையில் இருப்பதாலேயே பின்னது கிடைத்துவிடாது.

குழலின் நீளத்தில் சட்டம் இவ்வளவு கண்டிப்புக் காட்டக் காரணம் உண்டு. நீண்ட துப்பாக்கியைத் தோளில்தான் சுமந்து செல்ல முடியும். குழலை வெட்டினால் அதைத் துணிக்குள் மறைத்துவிடலாம். எனவேதான், தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ உரிமம் வழங்குவதைப் பற்றிக் கூறும் 13-ஆவது பிரிவு, 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட, உட்புறம் வழவழப்பான துப்பாக்கியையே குறிப்பிடுகிறது. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு, வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் பெறவும் அதே பிரிவு வழிசெய்கிறது. உழவரைச் சட்டம் மறந்துவிடவில்லை. ஆயினும், அந்த உரிமம் பன்றியைச் சுடுவதற்கான அனுமதியாகிவிடாது; அதற்கு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தனியே குறுக்கே நிற்கிறது.

குழல்முனை இணைப்புகளுக்கு வருவோம். சுடும்போது எழும் ஓசையையோ ஒளியையோ குறைப்பதற்கென அமைந்த இணைப்பையும் 'துப்பாக்கி' என்ற சொல்லின் வரையறைக்குள்ளேயே சட்டம் வைத்திருக்கிறது. அதாவது, சைலன்சர் மட்டும் ஒருவரிடம் இருந்தாலும் சட்டத்தின் பார்வையில் அது துப்பாக்கியே. பின்னுதைப்பைக் குறைக்கும் இணைப்புகள் அங்கே பெயர் சுட்டப்படவில்லை. ஆனால், துப்பாக்கியின் பாகங்களும் அதே வரையறைக்குள் வருவதால், இணையத்தில் விற்கிறார்கள் என்று வாங்கிப் பொருத்துவது ஆபத்து.

உலகெங்கும் ஒரே அளவுகோல் இல்லை. அமெரிக்காவில் 1934-ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டம் 16 அங்குலத்துக்குக் குறைந்த ரைஃபிள் குழலையும் 18 அங்குலத்துக்குக் குறைந்த ஷாட்கன் குழலையும் சைலன்சரையும் பதிவுக்கு உட்படுத்துகிறது. பிரிட்டனில் ஷாட்கன் குழலை 24 அங்குலத்துக்குக் கீழே வெட்டுவது குற்றம். நார்வேயிலோ சைலன்சர் வேட்டைக்காரரின் செவியைக் காக்கும் சாதாரணக் கருவி. குழலை வெட்டுவதில் அமெரிக்காவும் பிரிட்டனும் நம்மைப் போலவே கண்டிப்புக் காட்டுகின்றன. சைலன்சரில்தான் நாடுகள் வேறுபடுகின்றன.

தண்டனைதான் நம்மை நிறுத்தி யோசிக்க வைக்கிறது. 6-ஆவது பிரிவை மீறினால் முன்பு மூன்று முதல் ஏழாண்டு வரை சிறை. 2019-க்குப் பிறகு குறைந்தது ஏழாண்டு. ஆயுள் வரை நீளலாம். உரிமமின்றிச் சாதாரணத் துப்பாக்கி வைத்திருந்தவருக்கு, தனிக் காரணங்களைப் பதிவு செய்து குறைந்தபட்ச அளவுக்கும் கீழாகத் தண்டிக்க நீதிமன்றத்துக்கு இடமுண்டு. குழலைக் குறைத்தவருக்கு அந்தச் சலுகையை அப்பிரிவு தரவில்லை.

இந்தக் கடுமை தேவையற்றது என்று நான் கூறமாட்டேன். 2022 மே மாதம் சேலம் மாவட்டம் ஓமலூர் அருகே, யூடியூப் பார்த்துத் துப்பாக்கி தயாரித்ததாக இரு இளைஞர்கள் கைது செய்யப்பட்டனர். பின்னர் அந்த வழக்கு தேசியப் புலனாய்வு முகமையிடம் சென்றது. பட்டறையும் கைபேசியும் உள்ள எந்த ஊரிலும் இத்தகைய முயற்சி நடக்கலாம் என்பதால் அரசு அஞ்சுவதில் நியாயம் உண்டு. ஆனால், துருப்பிடித்த குழல்முனையை ஊர்ப் பட்டறையில் கொடுத்து அறுக்கச் சொல்லும் முதியவரையும், கொள்ளைக்கெனக் குழலை வெட்டுபவரையும் ஒரே தராசில் நிறுத்துவது நீதியாகாது.

செய்ய வேண்டியவை எளியவை. குழலைக் குறைப்பதும் இணைப்பு பொருத்துவதும் குற்றம் என்பதைத் துப்பாக்கி உரிமத்துடன் தமிழில் அச்சிட்டுத் தர வேண்டும். பழுது நீக்க உரிமம் பெற்ற கடைகள் எவை என்பதை மாவட்ட ஆட்சியர் அலுவலகமும் வட்டாட்சியர் அலுவலகமும் அறிவிக்க வேண்டும். தீய நோக்கமின்றிச் செய்த பழுதுபார்ப்புக்கு, நீதிமன்றம் காரணம் காட்டித் தண்டனையைக் குறைக்கும் வாய்ப்பை நாடாளுமன்றம் அளிக்க வேண்டும். அதுவரை, உரிமம் வைத்திருப்போர் அரத்தையும் ரம்பத்தையும் தங்கள் துப்பாக்கியிடமிருந்து தள்ளியே வைத்திருப்பது நல்லது.