பதினேழே நகர்த்தல்!

செஸ்ஸில் 'சோவியத் யூனியன் ஒரு பக்கம்... மற்ற உலகம் முழுவதும் எதிர்ப்பக்கம்' என்று ஒரு போட்டி நடந்தது தெரியுமா உங்களுக்கு? 1970-ல், யூகோஸ்லாவியாவின் பெல்கிரேடு நகரில். அணிக்குப் பத்துப் பேர், நாலு சுற்று, மொத்தம் நாற்பது ஆட்டம். சோவியத் அணியில் உலக சாம்பியன் பட்டம் பார்த்தவர்கள் மட்டுமே ஐந்து பேர்!

உலக அணியில் ஆரம்பத்திலேயே தகராறு. முதல் மேஜை யாருக்கு? 'சமீபத்திய வெற்றிகளைப் பாருங்கள், எனக்குத்தான்' என்றார் டென்மார்க்கின் பென்ட் லார்சன். அமெரிக்காவின் பாபி ஃபிஷர் சும்மா விடுவாரா? விட்டார்! எதற்கெடுத்தாலும் முரண்டு பிடிக்கிற மனுஷர், மறுபேச்சில்லாமல் இரண்டாவது மேஜைக்குப் போனதில் எல்லோருக்கும் ஆச்சரியம்.

ஆக, லார்சனுக்கு எதிரே அப்போதைய உலக சாம்பியன் போரிஸ் ஸ்பாஸ்கி. முதல் ஆட்டம் டிரா. இரண்டாவதில் லார்சனுக்கு வெள்ளைக் காய்கள். ராணிப் பக்கத்துக் குதிரைக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளி ஆரம்பித்தார். அது அவருக்குப் பிடித்த குசும்பு! ஆனால், அதற்கப்புறம் ராஜாவைப் பத்திரப்படுத்தாமல் நடுவிலேயே நிறுத்தி வைத்தாரே, அதுதான் வினை.

ஸ்பாஸ்கி குதிரையைப் பலி கொடுத்தார். லார்சன் வெட்டினார். சாம்பியனின் கறுப்புச் சிப்பாய் ஒன்று விறுவிறுவென்று உள்ளே புகுந்தது. அதைத் தடுக்க வெள்ளை யானை வழிமறித்து நின்றது. பதினாலாவது நகர்த்தலில் ஸ்பாஸ்கி தன் யானையைக் கொண்டுபோய் எதிரியின் கடைசி வரிசை மூலையில் நிறுத்தினார். 'இந்தா, வெட்டிக்கோ!'

வெட்டியே ஆகவேண்டும், வெட்டினால் காவல் போச்சு! சிப்பாய் மேலும் ஒரு கட்டம் முன்னேறியது. ராணி வந்து 'செக்' வைத்தது. சிப்பாய் யானையை வெட்டி, தானே ராணியானது. பதினேழாவது நகர்த்தலோடு லார்சன் சரண்!

ஆனால் லார்சன் லேசுப்பட்டவர் இல்லை. அடுத்த சுற்றிலேயே ஸ்பாஸ்கியைத் தோற்கடித்தார்! கடைசிச் சுற்றில் ஸ்பாஸ்கி ஆடவில்லை. பதிலுக்கு வந்த லியோனிட் ஸ்டெய்னுக்கும் தோல்விதான். இரண்டாவது மேஜையில் ஃபிஷர், முன்னாள் சாம்பியன் பெட்ரோசியனை மூன்றுக்கு ஒன்று என்று துவைத்தார். முதல் நாலு மேஜைகளிலும் உலக அணியே முந்தியது. கீழ் மேஜைகள்தான் சோவியத்தின் மானத்தைக் காப்பாற்றின. பத்தாவது மேஜையில் பால் கெரெஸ் எடுத்தது மூன்று பாயிண்ட்!

இறுதிக் கணக்கு: சோவியத் 20½, உலகம் 19½. அந்தப் பதினேழு நகர்த்தல் ஆட்டத்தை லார்சன் டிரா செய்திருந்தால்... இருபதுக்கு இருபது!