சேணம் பூட்டியே கப்பலேறிய குதிரைகள்

கொஞ்சம் நீளமான பதிவு. காப்பியோ டீயோ கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

டெக்சாஸ் பக்கம் வேலையில் இருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். அங்கே பிக்கப் வண்டிகளின் பின்னால் கம்பி அடைத்த டிரெய்லர்கள் போகின்றன. உள்ளே நாலைந்து குதிரைகள், முதுகில் சேணம் பூட்டியபடியே நிற்கின்றன. "சார், ஏறிப் போகிற குதிரைக்குச் சேணம் வேண்டும். ஏற்றிக்கொண்டு போகிற குதிரைக்கு எதற்கு? அது பாவம் இல்லையா?" என்று கேட்டிருந்தார். நல்ல கேள்வி. நான் குதிரை ஏறியவன் அல்ல. ஆனால் சரித்திர வாத்தியாருக்கு இதில் சொல்ல நிறைய இருக்கிறது.

முதலில் அந்த ஊர்க்காரர்கள் ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்று பார்ப்போம். அங்கே மாட்டுப் பண்ணைகள் பரந்து கிடப்பவை. வீடு ஓரிடம், மாடுகள் மேயும் நிலம் இருபது முப்பது கிலோமீட்டர் தள்ளி. தாத்தா காலத்தில் விடியுமுன் கிளம்பிக் குதிரை மேலேயே போனார்கள். பேரன் காலத்தில் டிரெய்லரில் அரை மணி நேரம். இருட்டில் மேய்ச்சல் நிலத்தில் நின்று ஐந்து குதிரைக்குச் சேணம் கட்டுவதைவிட, லாயத்தில் விளக்கு வெளிச்சத்தில் கட்டி ஏற்றிவிடுவது எளிது. இறங்கியதும் வேலை. விவரம் தெரிந்தவர்கள் அதற்கும் சில முறை வைத்திருக்கிறார்கள். வயிற்று வாரைக் கொஞ்சம் தளர்த்திவிடுவார்கள். காலை நுழைக்கும் அங்கவடி தொங்கி ஆடி, கதவுக் கொக்கியிலோ தடுப்புக் கம்பியிலோ மாட்டாதபடி மேலே எடுத்துக் கட்டுவார்கள். கடிவாளம் மட்டும் போட மாட்டார்கள். அது எதிலாவது சிக்கிக் குதிரை தலையை இழுத்தால் வாய் கிழிந்துவிடும். ஆகவே தலைக்கயிறுதான்.

அரை மணி நேரத்துக்கு இது சரி. அரை நாளுக்கு? அங்கேதான் சரித்திரம் வருகிறது.

சேணம் பூட்டிய குதிரையை வண்டியில் ஏற்றுவது ஏதோ அமெரிக்கர் கண்டுபிடித்தது என்று நினைக்காதீர்கள். 800 ஆண்டுகளுக்கு முன் கப்பலிலேயே ஏற்றியிருக்கிறார்கள். நான்காம் சிலுவைப்போர் நினைவிருக்கிறதா? (தேர்வில் வராது என்று அன்றைக்கு விட்டுவிட்டவர்கள் இப்போது படித்துக்கொள்ளலாம்.) 1201இல் பிரெஞ்சு நாட்டுப் பிரபுக்கள் வெனிஸ் நகரத்தோடு ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். 4,500 குதிரைகள், 4,500 வீரர்கள், 9,000 ஏவலர்கள், 20,000 காலாட்கள். இத்தனையையும் கடல் கடத்த 85,000 வெள்ளி மார்க்குகள் கூலி. வந்து சேர்ந்த படை அதில் ஒரு பங்குதான் என்பது வேறு கதை. குதிரைகளுக்கென்றே வெனிஸ்காரர்கள் தனிக் கப்பல் கட்டினார்கள். அதன் பெயரே 'கதவு' என்ற பிரெஞ்சுச் சொல்லில் இருந்து வந்தது. கப்பலின் உடம்பில் ஒரு கதவு. அதைத் திறந்து பலகைப் பாலத்தை வெளியே தள்ளினால் குதிரை நடந்தே இறங்கலாம். இன்றைய டிரெய்லரின் பின்கதவு செய்யும் அதே வேலை.

அந்தப் படை கடைசியில் எருசலேமுக்குப் போகவில்லை. கான்ஸ்டான்டிநோபிளுக்குப் போனது. 1203 ஜூலை 5ஆம் தேதி பாஸ்பரஸ் நீரிணையின் ஆசியக் கரையில் இருந்து எதிர்க்கரையில் உள்ள கலாட்டாவில் இறங்கினார்கள். (பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், ஊரின் பெயரே அதுதான். அன்று நடந்ததும் அதுதான்.) எதிர்க்கரையில் பேரரசர் மூன்றாம் அலெக்சியஸின் சேனை அணிவகுத்து நிற்கிறது. கரையில் இறங்கி, குதிரையை இறக்கி, நிதானமாகச் சேணம் கட்டிக்கொண்டிருந்தால் தலை போய்விடும். ஆகவே குதிரைகளுக்குச் சேணம் பூட்டி, மேலே போர்வையும் போர்த்தி, தலைக்கவசத்தைக் கட்டிக்கொண்ட வீரர்களோடு கப்பலில் நிறுத்தினார்கள். விரைவாகக் கடக்க ஒவ்வொரு குதிரைக் கப்பலையும் ஒரு துடுப்புக் கப்பலோடு கட்டி இழுத்தார்கள்.

இதை நேரில் பார்த்து எழுதியவர்களில் இருவரைப் பார்ப்போம். ஒருவர் தலைவர்களில் ஒருவரான வில்லார்துவான். இன்னொருவர் ராபர்ட் தெ கிளாரி என்ற ஏழை வீரர். கதவு திறந்ததும் வீரர்கள் குதிரைமேல் ஏறியபடியே பாலத்தின் வழியே பாய்ந்தார்கள் என்கிறார் கிளாரி. இல்லை, வீரர்கள் முதலில் இடுப்பளவு தண்ணீரில் குதித்தார்கள், பிறகுதான் மாலுமிகள் கதவைத் திறந்து குதிரைகளை வெளியே கொண்டுவந்தார்கள் என்கிறார் வில்லார்துவான். ஒரே கரை, ஒரே காலை, இரண்டு சாட்சி. எனக்கு வில்லார்துவான் சொல்வதுதான் நம்பும்படி இருக்கிறது. ஆடும் கப்பலின் தாழ்ந்த கூரைக்கடியில், ஈட்டியும் கையுமாகக் குதிரைமேல் உட்கார்ந்து காத்திருப்பது லேசான காரியம் இல்லை. எப்படியானாலும் பலன் ஒன்றுதான். பேரரசரின் சேனை கூடாரங்களைப் போட்டது போட்டபடி விட்டு ஓடியது.

இது முதல் முறையும் அல்ல. 960இல் பைசாந்தியத் தளபதி நிக்கிபோரஸ் போக்காஸ் கிரீட் தீவில் இதே போலச் சரிவுப் பலகை போட்டு, ஆயுதமும் குதிரையுமாகப் படையை நேரே கரையில் இறக்கியதாக லியோ என்ற வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார்.

இப்போது ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். 1203இல் அந்தக் குதிரைகள் வெனிஸில் இருந்து சேணத்தோடு வரவில்லை. அவை ஆசியக் கரையில் முன்பே இறக்கப்பட்டு, தரை வழியாக நடத்தப்பட்டு, ஒரு வாரத்துக்கு மேல் ஓய்வில் இருந்தவை. சேணம் பூட்டி ஏற்றியது கடைசி இரண்டு கிலோமீட்டர் தண்ணீருக்கு மட்டும். டெக்சாஸ் டிரெய்லரும் அதே கணக்குதான். சேணம் பயணத்துக்கானது அல்ல, பயணத்தின் கடைசி நிமிடத்துக்கானது.

நெடும் பயணத்தில் குதிரை வாழ்க்கை எப்படி இருந்தது என்பதற்கு ஷுவான்வில் சாட்சி. 1248இல் மார்செய் துறைமுகத்தில் பிரெஞ்சு அரசர் ஒன்பதாம் லூயியின் சிலுவைப்போருக்காகக் கப்பலேறியவர் அவர். குதிரைகளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி, பீப்பாய்க்கு அடைப்பது போல இடுக்கெல்லாம் அடைத்தார்களாம். ஏனென்றால் நடுக்கடலில் அந்தக் கதவு முழுவதும் தண்ணீருக்கு அடியில் இருக்கும். உள்ளே இருட்டு, புழுக்கம், ஆட்டம். வண்டியிலும் சரி கப்பலிலும் சரி, குதிரை சும்மா நிற்பதில்லை. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் நாலு காலையும் ஊன்றி உடம்பைச் சமன் செய்துகொண்டே இருக்கிறது. நமக்குக் குமட்டினால் வாந்தி எடுத்துவிடுகிறோம். குதிரையின் உடலமைப்பில் அது முடியாது. தலையைத் தாழ்த்தினால்தான் மூச்சுக்குழாயில் சேரும் சளியும் தூசியும் வெளியேறும். தலையை உயரக் கட்டிப் பல மணி நேரம் கொண்டுபோனால் நுரையீரல் காய்ச்சல் வரும். ஆங்கிலத்தில் அதற்கு 'ஷிப்பிங் ஃபீவர்' என்றே பெயர். இதற்கு மேல் கனமான சேணத்தையும் முதுகில் வைத்து, மார்பைச் சுற்றி வாரை இறுக்கினால் என்ன ஆகும்? வியர்வையில் விரிப்பு நனைந்து, உரசி, முதுகு புண்ணாகும்.

1519இல் கோர்தேஸ் மெக்சிகோவுக்கு 16 குதிரைகளோடு போனார். தபாஸ்கோவில் கரையிறக்கியபோது, பல நாள் கப்பலில் நின்ற குதிரைகள் கால் விறைத்து ஓடவே பயந்தன என்றும் மறுநாள்தான் தேறின என்றும் கூட இருந்த பெர்னால் தியாஸ் எழுதுகிறார். அன்றைக்கே சேணம் கட்டி ஏறியிருந்தால் மெக்சிகோவின் சரித்திரம் கொஞ்சம் வேறாகக்கூட இருந்திருக்கலாம்.

சரி, நம் ஊருக்கு வருவோம். கடல் வழியே குதிரை வந்ததைப் பட்டினப்பாலையே சொல்கிறது. பாண்டியர் காலத்தில் அது பெரிய வணிகம். மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்தார். ஓர்முஸ் துறைமுகத்துக் கப்பல்களைப் பற்றி எழுதுகிறார்: இரும்பு ஆணியே கிடையாது, தென்னை நார்க் கயிற்றால் தைத்த பலகைகள். சரக்கை ஏற்றி, அதன்மேல் தோலை விரித்து, அந்தத் தோலின்மேல் குதிரைகளை நிறுத்தி இந்தியாவுக்கு விற்கக் கொண்டுவருவார்கள். கூரைகூட இல்லாத அந்த மரக்கலத்தில் அரபிக்கடலைக் கடந்து, குமரியைச் சுற்றி, தாமிரபரணி முகத்துவாரத்துக் காயல் வரை!

பாண்டிய அரசர் ஆண்டுக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்குகிறார், அவருடைய சகோதரர்களும் வாங்குகிறார்கள், ஆனால் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்கிறார் போலோ. காரணமும் சொல்கிறார். இங்கே குதிரை பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லை. விற்க வரும் வணிகர்கள் லாடக்காரரையும் குதிரை வைத்தியரையும் அழைத்து வருவதில்லை, வர விடுவதும் இல்லை. குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் விற்கலாம்? போலோ கொஞ்சம் கூட்டிச் சொல்பவர்தான். ஆனால் பாரசீக வரலாற்றாசிரியர் வசாப் சொல்வதையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு குதிரைக்கு 220 பொற்காசு விலை. வழியில் குதிரைக்குக் காயம் பட்டாலும், செத்தே போனாலும், அந்த விலை பாண்டியரின் கருவூலத்தில் இருந்து கொடுக்கப்பட வேண்டும். இது ஒப்பந்தம்!

விஜயநகரத்திலும் இதே கதை. சாளுவ நரசிம்மர் உயிரோடு வந்த குதிரைக்கும் செத்த குதிரைக்கும் ஒரே விலை கொடுத்தார் என்றும், கடலில் செத்ததற்கு அடையாளமாக வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினால் போதும் என்றும் போர்ச்சுக்கீசியரான நூனிஸ் எழுதியிருக்கிறார். வாலுக்குக் காசு கிடைக்கும் என்றால் நடுக்கடலில் குடிதண்ணீர் குறையும்போது யார் பங்கைக் குறைப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். எதிரி நாடு குதிரையை வாங்கிவிடக்கூடாது என்ற பயத்தில் அரசர்கள் இப்படிக் கொடுத்தார்கள். அந்தப் பொன் யாருடையது? உழுதவன் கட்டிய வரி. குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பணத்தை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் கோயில் பணிக்குச் செலவிட்ட கதையை நாம் நரி பரியான அதிசயமாகவே கேட்டு வளர்ந்தோம். குதிரைச் செலவு எவ்வளவு பெரியது என்று ஊருக்கே தெரிந்திருந்ததால்தான் அப்படி ஒரு கதை நின்றது என்று எனக்குத் தோன்றும்.

இதற்கு நேர் எதிர்க்கதை இங்கிலாந்தில். 1836இல் லார்டு ஜார்ஜ் பென்டிங்க் என்பவரிடம் எலிஸ் என்றொரு பந்தயக் குதிரை இருந்தது. அந்தக் காலத்தில் பந்தயக் குதிரை ஊர் விட்டு ஊர் நடந்தே போகும், நாளுக்கு இருபது முப்பது கிலோமீட்டர். தெற்கே குட்வுட்டில் எலிஸ் இருக்கிறது. வடக்கே டான்காஸ்டரில் செயின்ட் லெஜர் பந்தயம், சுமார் 400 கிலோமீட்டர். பந்தயத்துக்குச் சில நாளே இருக்கும்போதும் எலிஸ் குட்வுட்டிலேயே நிற்பது தெரிந்ததும், இனி அது வந்து சேராது என்று சூதாட்டக்காரர்கள் ஒன்றுக்குப் பன்னிரண்டு தரத் தயாரானார்கள். பென்டிங்க் பணத்தைக் கட்டினார். பிறகு உள்ளே மெத்தை வைத்துத் தைத்த ஒரு பெரிய மூடுவண்டியில் எலிஸை ஏற்றி, ஆறு குதிரைகள் பூட்டி விரட்டினார். துணைக்கு டிரம்மர் என்ற இன்னொரு குதிரை. தனியாக நின்றால் குதிரை மிரளும் என்று தெரிந்தவர் அவர். நடுவில் லிச்ஃபீல்டில் இறக்கிக் கொஞ்சம் ஓடவிட்டார்கள். மூன்றே நாளில் டான்காஸ்டர். எலிஸ் ஜெயித்தது. தன் சொந்தப் பணம் முழுவதும் அந்த நாலு காலில் நிற்கும்போது மனிதனுக்கு மெத்தை நினைவுக்கு வருகிறது!

அடுத்த சில ஆண்டுகளில் ரயில் வந்துவிட்டது, குதிரைக்குத் தனிப் பெட்டிகளும் வந்தன. ஆஸ்திரேலியாவில் இருந்து மதராஸுக்குக் கப்பலில் வந்த 'வேலர்' குதிரைகளைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், இதில் அடங்காது. ஒன்றை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். முதல் உலகப் போரில் பிரெஞ்சு ரயில் பெட்டிகளின் மேல் 'ஆட்கள் 40, குதிரைகள் 8' என்று எழுதியிருக்கும். எட்டுக் குதிரையை ஏற்றும்போது இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு, தலைகள் நடுவை நோக்கி எதிரெதிராக. நடுவில் கிடைத்த கொஞ்சம் இடத்தில் கழற்றி அடுக்கிய சேணங்கள், தீவனம், அதன்மேல் சாய்ந்து தூங்கும் இரண்டு சிப்பாய்கள்.