பல்லாவரம் தர்காவுக்குள் ஒரு பல்லவர் குகை: யார் இந்த 'விசித்திரசித்தன்'?

அனகாபுத்தூரில் இருந்து பம்மல் வழியாகப் பல்லாவரம் போனால், குன்றுப் பகுதியில் ஒரு தர்கா இருக்கிறது. தினமும் அந்தப் பக்கம் போறவங்களில் பலருக்கும் தெரியாத விஷயம், அது சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன் பாறையைக் குடைந்து உருவாக்கிய குகைக்கோயில் என்பது. குடையச் சொன்னவர் பல்லவ மன்னர் முதலாம் மகேந்திரவர்மன். அவரது பட்டப்பெயர்கள் அங்கே கல்லில் வெட்டப்பட்டுள்ளன.

7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சியை ஆண்டவர் இவர். போரில் சாளுக்கிய மன்னர் இரண்டாம் புலிகேசியிடம் அடி வாங்கியவர்தான். ஆனால் இன்று பேசப்படுவது போருக்காக அல்ல. ஓவியர்களில் புலி என்பதால் 'சித்திரகாரப்புலி', புதுமையான சிந்தனைக்காரர் என்பதால் 'விசித்திரசித்தன்'. இது வெறும் புகழ்ச்சியா? விழுப்புரம் மாவட்டம் மண்டகப்பட்டில் உள்ள கல்வெட்டைப் பாருங்க. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பிரம்மா, சிவன், விஷ்ணுவுக்குக் கோயில் அமைத்ததாக அதில் சொல்கிறார். கட்டுமானத்தில் அன்றைக்கு அது பெரிய மாற்றம்.

எழுத்தாளராகவும் கலக்கியிருக்கிறார். 'மத்தவிலாசப் பிரகசனம்' இவர் எழுதிய சமஸ்கிருத அங்கத நாடகம். கதை நடப்பது காஞ்சியில். குடிபோதையில் இருக்கும் காபாலிகர் ஒருவர் தன் கபால ஓட்டைத் தொலைத்துவிட்டு, புத்த பிக்குதான் திருடினார் என்று சண்டை போடுகிறார். உண்மையில் அதைத் தூக்கிட்டுப் போனது ஒரு நாய்! நியாயம் கேட்டுப் போகலாம் என்றதும், 'பிக்குகிட்ட பணம் இருக்கு, அதிகாரிகளைச் சரிக்கட்டிடுவார்' என்ற கிண்டலும் வருகிறது. தன் தலைநகரிலேயே லஞ்சம் நடக்கும் என்று எழுதியவர், அந்த ஊரின் ராஜா.

இந்த நாடகம் 1917இல் திருவனந்தபுரத்தில் அச்சானது.