தேங்காய்ப்பூ துண்டும் வெள்ளாவிப் பானையும்

மும்பையில் ஜூலை மாதம் குடித்தனம் நடத்துகிற நம் மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. துணி காய இடம் கிடையாது. ஃபேனுக்கு அடியில், கதவு மேல், நாற்காலி முதுகில் என்று வீடே கொடியாகிவிடும். போன மழைக்கு அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார். குளித்துவிட்டு, மடித்து வைத்திருந்த டவலை எடுத்து முகம் துடைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னலே, தொவச்ச துண்டுன்னு குடுத்த, மக்கல் வாடை அடிக்கி?"

தங்கமணி முகம் சுருங்கிவிட்டது. முதல் நாள்தான் மெஷினில் வாசனைத் திரவம் எல்லாம் ஊற்றித் துவைத்தது. "நம்ம ஊர்ல வெளுத்து வந்த துண்டு ஒருநாளும் இப்படி இருந்ததில்ல" என்று அப்பா வேறு எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினார். அப்பாக்களின் 'நம்ம ஊர்ல' எல்லாம் எனக்குப் பழக்கம்தான். ஆனால் இந்த முறை அதில் விஷயம் இருந்தது.

முதலில் நாற்றம். 2012-ல் ஜப்பானில் காவோ நிறுவனத்து ஆராய்ச்சியாளர்களும் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, துவைத்த துணியில் வரும் இந்த வாடைக்கு மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியாவை அடையாளம் காட்டினார்கள். துவைத்தும் போகாமல் நூலில் ஒட்டியிருக்கும் உடம்பு எண்ணெயும் வியர்வையும் அதற்குச் சாப்பாடு. அது வெளியேற்றும் ஒரு அமிலம்தான் வாடை. துணி காய்ந்தாலும் சாகாமல் கிடக்கும். ஈரம் பட்டதும் மறுபடி வேலையைத் தொடங்கும். பீரோவில் இருக்கும்போது மணக்காத டவல் முகம் துடைக்கும்போது நாறுவது இதனால்தான். ஆக, அழுக்கெண்ணெயும் போக வேண்டும், கிருமியும் சாக வேண்டும்.

இரண்டையும் ஒரே பானையில் முடித்தது வெள்ளாவி. பார்க்காத தலைமுறைக்காகக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உவர்மண் என்பது சோடியம் கார்பனேட் கலந்த மண். நாம் சலவை சோடா என்று பொட்டலமாக வாங்குவதும் அதே சரக்குதான். அதைக் கரைத்துத் துணியை முக்கிப் பிழிவார்கள். பெரிய பானையில் தண்ணீர் வைத்து, அதன் வாய்மேல் துணிகளை வட்டமாக அடுக்கிக் கோபுரம்போல் ஏற்றுவார்கள். ராத்திரி முழுக்க அடியில் தீ எரியும். காரம் எண்ணெயை அங்கேயே சோப்பாக்கிவிடும். ஆவி மேலேறிக் கிருமியைக் கொல்லும். விடிந்ததும் ஆற்றுக் கல்லில் அடித்து அலசி, சுள்ளென்ற வெயிலில் விரிப்பார்கள். எந்த வீட்டுத் துணி என்று தெரிய மூலையில் சேங்கொட்டைப் பாலால் ஒரு குறி. துணி கிழிந்தாலும் குறி போகாது.

இந்தக் கைவேலையின் அருமை வெளியாருக்குத் தெரிந்திருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலேற்றிய துணியை வெளுத்தவர்கள் குடியிருந்த இடம்தான் சென்னை வண்ணாரப்பேட்டை. கொச்சிக் கோட்டைப் பக்கம் வேளியில் 1976-ல் கட்டிய சலவைக்கூடம் ஒன்று இருக்கிறது. அங்கே வெளுப்பவர்கள், டச்சுக்காரர் காலத்தில் சிப்பாய்களின் உடுப்பு வெளுக்க அழைத்துவரப்பட்ட தமிழ் வண்ணார்களின் வழிவந்தவர்கள். நாமெல்லாம் ஆஃபர் லெட்டரோடு ரயிலேறுவதற்கு எத்தனை தலைமுறை முன்னால்!

நிற்க. அப்புறம் சோப்பு வந்தது. 1888-ல் லீவர் சகோதரர்களின் சன்லைட் கல்கத்தாத் துறைமுகத்தில் பெட்டி பெட்டியாக இறங்கியது. 1959-ல் சர்ஃப். 1969-ல் அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் நிர்மா பவுடரைத் தயாரித்து சைக்கிளில் கொண்டுபோய் விற்க ஆரம்பித்தார். பச்சைத் தண்ணீரிலேயே நுரை வந்தது, அழுக்கு போனது. அதனால் யாரும் அடுப்பைத் தேடவில்லை. சூடு என்ற ஒன்று சலவையிலிருந்து சத்தமில்லாமல் கழன்றுகொண்டது.

துண்டும் மாறியது. ஈரிழைத் துண்டும் குற்றாலத் துண்டும் பிழிந்து உதறினால் அரை மணியில் காயும். நாம் தேங்காய்ப்பூ துண்டு என்று சொல்வது துருக்கி நெசவு. ஹென்றி கிறிஸ்டி என்ற ஆங்கிலேயர் துருக்கியில் பார்த்துவிட்டு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கே அதை நெய்ய இயந்திரம் செய்து 1851 லண்டன் கண்காட்சியில் வைத்தார்கள். இருபுறமும் நூல் வளையம், தண்ணீரைப் பஞ்சுபோல் பிடித்துவைக்கும். பனி விழும் நாட்டில் சரி. எங்கள் வீட்டு சோலாப்பூர் டவல் மும்பை மழையில் இரண்டு நாளானாலும் நடுவில் ஈரம்தான். போதாததற்கு அந்த வாசனைத் திரவம் நூல்மேல் மெழுகுபோல் படிந்து, நாற்றத்தை உள்ளே வைத்தே பூட்டிவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை அண்டாவை அடுப்பில் ஏற்றினேன். எவர்சில்வர் அண்டா, அலுமினியத்தைச் சோடா அரித்துவிடும். பத்து லிட்டர் தண்ணீர், நாலு ஸ்பூன் சலவை சோடா, வெள்ளை டவல்கள் மட்டும், அரை மணி கொதி. தண்ணீர் டீ நிறத்துக்கு வந்ததைப் பார்த்துத் தங்கமணி, "இதையா தினமும் முகத்துல துடைச்சோம்?" என்றாள். நாலு தடவை அலசி, ஃபேனுக்கு நேராகத் தனித்தனியாகப் போட்டோம். வாடை போயே விட்டது.

அப்பா அண்டா பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் துணியை வெளுத்தவரைப் பற்றிய பேச்சு வந்தது. அந்தியில் ஈயச் சட்டியோடு சோற்றுக்கு வாசலில் நிற்பார், படியேற மாட்டார். ஏழு வயதில் நான் அவரைப் பெயர் சொல்லி, வா போ என்றுதான் கூப்பிட்டேன். வீட்டில் யாரும் திருத்தவில்லை. எங்கள் தெருவுக்குள் வந்தால் அவர் துண்டு இடுப்புக்கு இறங்கிவிடும்.

அப்பா கரண்டியால் டவலை ஒருமுறை அமுக்கிவிட்டார். "ஊருக்கே துண்டு வெளுத்தார். அவர் தோள்ல ஒண்ணு கெடந்து நான் பாத்ததில்லலே" என்றார்.

அப்பா வாயிலிருந்து 'அவர்' என்று அன்றைக்குத்தான் கேட்டேன்.